உமறுப் புலவர்

உமறுப் புலவர் (1642–1703) 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தமிழ்ப் புலவர் ஆவார். முகம்மது நபியின் வாழ்க்கை வரலாற்றைத் தமிழில் பெருங்காப்பியமாக விரித்துரைக்கும் சீறாப்புராணம் இவர் இயற்றியது. எட்டயபுரம் பாளையக்காரரின் அவைப்புலவராக விளங்கிய இவரை வள்ளல் சீதக்காதியும், பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரும் ஆதரித்தனர். இசுலாமியத் தமிழ் இலக்கியம் என்றவுடன் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும் நூல் சீறாப்புராணமே. அரபு மொழியில் வழங்கிய ஒரு சமய வரலாற்றை, அதன் உண்மைக்கு ஊறு நேராமலும் தமிழ்க் காப்பிய மரபு குன்றாமலும் சொல்லுதல் என்னும் அரிய பணியை இவர் மேற்கொண்டார். அப்பணிக்கு நேர்ந்த தடைகளும் அவற்றை இவர் கடந்த விதமுமே இவரது வாழ்க்கை வரலாற்றின் பெரும்பகுதியாக அமைந்துள்ளன.

வாழ்ந்த பகுதி

எட்டயபுரம் இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. தென்காசி மாவட்டத்தின் சங்கரன்கோவிலிலிருந்து நேர் கிழக்கே கோவில்பட்டியைக் கடந்து சென்றால் ஏறக்குறைய 50 கி.மீ. தொலைவில் இவ்வூரை அடையலாம். தூத்துக்குடி மாவட்டம் 1986ஆம் ஆண்டிலும் தென்காசி மாவட்டம் 2019ஆம் ஆண்டிலும் பிரிக்கப்பட்டவை. அதற்கு முன்னர் இவ்வூர்கள் யாவும் பழைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. மழையை நம்பிப் பயிர் செய்யும் கரிசல் நிலப்பகுதி இது.

உமறுப் புலவரின் காலத்தில் இப்பகுதி மதுரை நாயக்கர் ஆட்சிக்கு உட்பட்ட பாளையங்களாகப் பிரிந்திருந்தது. எட்டயபுரம் பாளையக்காரர்கள் தமிழ்ப் புலவர்களை ஆதரித்து வந்தனர். பிற்காலத்தில் கருநாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் 1835ஆம் ஆண்டில் மறைந்ததும், சுப்பிரமணிய பாரதியார் 1882ஆம் ஆண்டில் பிறந்ததும் இவ்வூரிலேயே ஆகும்.

பிறப்பும் இளமையும்

உமறுப் புலவரின் வாழ்க்கைச் செய்திகளுள் பெரும்பாலானவை தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்தவை. பின்னர் சீறாப்புராணப் பதிப்புகளிலும் இலக்கிய வரலாற்று நூல்களிலும் அவை எழுத்து வடிவம் பெற்றன. ஆகவே அவற்றைக் கல்வெட்டுச் சான்று போலக் கொள்ளாமல், புலவரைப் பற்றித் தமிழ் முசுலிம்கள் காத்து வந்த நினைவாகக் கொள்வது பொருத்தமாகும்.

இவர் எட்டயபுரத்தை அடுத்த நாகலாபுரத்தில் பிறந்தார் என்பர். இவருடைய தந்தையார் சேகு முதலியார் என அழைக்கப்பட்டார். அவர் நறுமணப் பொருள் வணிகர் என்றும், வணிகத்தின் பொருட்டு இப்பகுதியில் வந்து குடியமர்ந்தவர் என்றும் கூறப்படுகிறது. உமறு என்பது உமர் என்னும் அரபுப் பெயரின் தமிழ் வடிவம். நபியின் தோழரும் இரண்டாம் கலீபாவுமான உமரின் பெயரும் சீறாப்புராணத்தில் இவ்வடிவிலேயே வருகிறது.

எட்டயபுரம் அவைப்புலவராக இருந்த கடிகைமுத்துப் புலவரிடம் இவர் தமிழ் கற்றார் என்பது மரபு. இலக்கணம், காப்பியம், சிற்றிலக்கியம் ஆகியவற்றை முறையாகப் பயின்றார். கம்பராமாயணத்தில் இவருக்கிருந்த ஆழ்ந்த பயிற்சியைச் சீறாப்புராணத்தின் பாடல்கள்தோறும் காணலாம். இந்து சமயத்தைச் சேர்ந்த ஆசிரியரிடம் முசுலிம் மாணவர் தமிழ் கற்பது அக்காலத்தில் இயல்பான செயலாக இருந்தது. பிற்கால முசுலிம் புலவர்கள் பலரும் இவ்வாறே கற்றனர்.

அவைப்புலவர் ஆதல்

உமறுப் புலவர் இளைஞராக இருந்தபோது வாலை வாருதி என்னும் வடநாட்டுப் புலவர் ஊர் ஊராகச் சென்று, தம்மோடு வாதிட்ட புலவர்களை வென்று வந்தார் என்றும், எட்டயபுரத்திற்கு வந்த அவரை உமறு எதிர்கொண்டு வென்றார் என்றும் கூறுவர். அப்போது உமறுவுக்கு வயது 16 எனச் சொல்லப்படுகிறது. புலமைப் போரில் வென்று அவைக்கு உரியவராதல் தமிழ்ப் புலவர் வரலாறுகள் பலவற்றில் இடம்பெறும் நிகழ்வாகும். எனினும் இக்கதையில் ஒரு செய்தி தெளிவாகிறது. முசுலிமான ஒருவர் தம் சமயத்தால் அன்றித் தமிழ்ப் புலமையால் எட்டயபுரம் அவையில் இடம்பெற்றார் என்றே மக்கள் நினைவில் கொண்டிருந்தனர்.

கடிகைமுத்துப் புலவருக்குப் பின்னர் உமறுவே அவைப்புலவர் பொறுப்பை ஏற்றார். அவைப்புலவருக்குரிய உடையும் அணியும் பூண்டு வாழ்ந்தார். இத்தோற்றமே பின்னர் அவருக்கு ஒரு தடையாக அமைந்தது.

காலச்சூழல்

17ஆம் நூற்றாண்டின் தமிழகக் கடற்கரையில் காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், பரங்கிப்பேட்டை ஆகியவை முசுலிம் வணிகர்கள் செழித்து வாழ்ந்த துறைமுக ஊர்களாக இருந்தன. மரைக்காயர் எனப்பட்ட கப்பல் வணிகர்கள் இலங்கையுடனும் தென்கிழக்காசிய நாடுகளுடனும் வாணிகம் செய்தனர். போர்த்துக்கீசரின் கடலாதிக்கம் தளர்ந்து, 1658ஆம் ஆண்டில் தூத்துக்குடியும் நாகப்பட்டினமும் ஒல்லாந்தர் வசமாயின. வாணிகத்தில் ஈட்டிய பொருளின் ஒரு பகுதி பள்ளிவாசல்களுக்கும் அரபுக் கல்விக்கும் தமிழ்ப் புலவர்களுக்கும் சென்றது.

இசுலாமியத் தமிழ் இலக்கியம் உமறுப் புலவருக்கு முன்னரே தோன்றிவிட்டது. வண்ணப் பரிமளப் புலவரின் ஆயிர மசலா 1572ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வினாவிடை வடிவில் இசுலாமியக் கொள்கைகளைக் கூறும் இந்நூலின் மூலக்கதை சாவகம், மலாய் ஆகிய மொழிகளிலும் வழங்குகிறது. நபியின் விண்ணேற்றத்தைப் பாடும் ஆலிப் புலவரின் மிகுராசு மாலை 1590ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கனகவிராயர் இயற்றிய கனகாபிசேக மாலை 1648ஆம் ஆண்டில் தோன்றியது. ஆயினும் நபியின் வாழ்க்கையைப் பிறப்பு முதல் தொடர்ச்சியாகக் கூறும் பெருங்காப்பியம் இல்லை என்னும் குறை இருந்தது. அரபு அறியாத தமிழ் முசுலிம்கள் தம் சமய வரலாற்றை ஆலிம்களின் சொற்பொழிவுகள் வழியாகவும் சிறு நூல்கள் வழியாகவுமே அறிந்துவந்தனர்.

சீதக்காதியின் வேண்டுகோள்

இக்குறையைப் போக்க விரும்பியவர் கீழக்கரை வணிகரும் வள்ளலுமான சீதக்காதி ஆவார். சேகு அப்துல் காதிர் என்னும் அவரது பெயரே மக்கள் வழக்கில் சீதக்காதி எனத் திரிந்தது. இராமநாதபுரத்தை 1710 வரை ஆண்ட ரகுநாத கிழவன் சேதுபதிக்கு அவர் நெருக்கமானவர். முசுலிம் புலவர்களை மட்டுமன்றிப் படிக்காசுப் புலவர், நமசிவாயப் புலவர் முதலியோரையும் ஆதரித்தவர். அவரது கொடைச் சிறப்பு இன்றளவும் தமிழ்ப் பழமொழியில் நிலைத்திருக்கிறது.

எட்டயபுரம் அவையில் புகழ்பெற்றிருந்த உமறுப் புலவரைச் சீதக்காதி அழைத்து, நபியின் வரலாற்றைத் தமிழில் காப்பியமாகப் பாடுமாறு வேண்டினார். புலவர் இசைந்தார். ஆனால் தமிழ்க் காப்பிய மரபில் தேர்ந்த அவருக்கு, அரபு நூல்களில் உள்ள வரலாற்றுச் செய்திகள் வேண்டியிருந்தன. அவற்றைப் பெறுவதற்காக அவர் சதக்கத்துல்லா அப்பாவிடம் அனுப்பப்பட்டார்.

சதக்கத்துல்லா அப்பாவின் மறுப்பு

சதக்கத்துல்லா அப்பா காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த பேரறிஞர். அரபு மொழியில் நூல்கள் இயற்றியவர். அக்காலத் தமிழ் முசுலிம்களிடையே சமயச் செய்திகளில் இறுதிச் சொல் சொல்லும் தகுதி பெற்றிருந்தார். அவரது அடக்கத்தலம் கீழக்கரையில் உள்ளது.

அரசவைப் புலவரின் கோலத்தில் வந்து நின்ற உமறுவுக்கு அப்பா செய்திகளைத் தர மறுத்துவிட்டார் என்பது மரபு. உமறுவின் உடையும் தோற்றமும் மறுப்புக்குக் காரணம் என்று பொதுவாகக் கூறப்படும். அதனினும் ஆழமான காரணம் ஒன்றையும் இதில் உணரலாம். நபியைப் பற்றிய செய்திகளைச் சொல்பவர் யார், அவர் அதனை யாரிடம் கேட்டார் என்று ஆராய்ந்து ஏற்பது இசுலாமியக் கல்வியின் அடிப்படை. ஒவ்வொரு செய்திக்கும் அறிவிப்பாளர் வரிசை உண்டு. அவ்வரிசையில் நம்பத்தகாத ஒருவர் இருப்பின் செய்தியின் மதிப்புக் குறையும். கற்பனைக்கு இடம் தரும் காப்பியத்தில், சமயக் கல்வி பெறாத ஒருவர் நபியின் வரலாற்றைப் பாடினால், தவறான செய்தி இனிய பாடலாகி மக்கள் மனத்தில் நிலைத்துவிடக்கூடும். பிறகு அதனைத் திருத்துதல் அரிது.

மறுக்கப்பட்ட உமறு மனம் வருந்திப் பள்ளிவாசலில் தங்கி, நபியை விளித்துப் பாடல்கள் பாடினார். அப்பாடல்களின் தொகுதியே முதுமொழி மாலை எனப்படுகிறது. பின்னர் நபி அப்பாவின் கனவிலும் உமறுவின் கனவிலும் தோன்றினார் என்றும், அதன் பிறகு அப்பா மனம் இசைந்தார் என்றும் கூறுவர். உமறு தம் கோலத்தை மாற்றிக்கொண்டு அப்பாவிடம் பாடம் கேட்டார். அப்பாவின் அறிவுரைப்படி பரங்கிப்பேட்டையைச் சேர்ந்த லெப்பை அலி ஹாஜியாரிடமும் வரலாற்றுச் செய்திகளை அறிந்துகொண்டார்.

கனவு நிகழ்ச்சி நம்பிக்கையின்பாற்பட்டது. எனினும் அரபுப் புலமை உடையோரிடம் செய்திகளைப் பெற்று, அவற்றுக்குத் தமிழ்ப் புலமை உடையவர் செய்யுள் வடிவம் தந்தார் என்பது நூலின் அமைப்பிலிருந்தே விளங்கும். நபியின் முன்னோர் பெயர்கள், தோழர்களின் பெயர்கள், போர்கள் நடந்த வரிசை ஆகியவை அரபு வரலாற்று நூல்களை ஒட்டியே சீறாப்புராணத்தில் அமைந்துள்ளன.

அபுல் காசிம் மரைக்காயர்

நூல் முற்றுப்பெறும் முன்னரே சீதக்காதி மறைந்தார் என்பது வழக்கு. ஆதரவின்றி நின்ற புலவருக்குப் பரங்கிப்பேட்டை வணிகரான அபுல் காசிம் மரைக்காயர் துணைநின்றார். சீறாப்புராணத்தின் உள்ளே புரவலராகப் பல இடங்களில் போற்றப்படுபவர் இவரே. காப்பிய ஓட்டத்தின் நடுவே ஆங்காங்கே இவருடைய கொடையை உவமையாக்கிப் பாடுகிறார் உமறு. கம்பர் தம்மை ஆதரித்த சடையப்ப வள்ளலை இராமாயணத்தில் நினைவுகூரும் முறையை இது ஒத்துள்ளது. நூலின் அரங்கேற்றமும் அபுல் காசிம் மரைக்காயரின் முயற்சியால் நடந்தது என்பர்.

சீறாப்புராணம்

சீறா என்பது வாழ்க்கை வரலாறு எனப் பொருள்படும் சீரத் என்னும் அரபுச் சொல்லின் தமிழ் வடிவம். நபியின் வரலாற்றைக் கூறும் நூல் வகைக்கு அரபியில் இப்பெயர் வழங்குகிறது. 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு இசுகாக்கு எழுதியதும், 9ஆம் நூற்றாண்டில் இப்னு இசாம் சுருக்கித் திருத்தியதுமான நூல் இவ்வகையில் முதன்மையானது. அரபு நூல் வகையின் பெயரையும் தமிழில் வேரூன்றிய புராணம் என்னும் நூல் வகையின் பெயரையும் இணைத்தே இந்நூலுக்குப் பெயரிடப்பட்டுள்ளது.

நூலில் மூன்று காண்டங்களும், 92 படலங்களும், 5027 விருத்தப்பாக்களும் உள்ளன.

விலாதத்துக் காண்டம்: 24 படலங்கள், 1240 பாடல்கள். விலாதத் என்பது பிறப்பைக் குறிக்கும். நபியின் முன்னோர் மரபு, பிறப்பு, இளமை, வணிகப் பயணம், கதீசா நாயகியுடன் திருமணம் ஆகியவை இதில் இடம்பெறுகின்றன.

நுபுவ்வத்துக் காண்டம்: 21 படலங்கள், 1105 பாடல்கள். நுபுவ்வத் என்பது நபித்துவத்தைக் குறிக்கும். வானவர் சிபுறயீல் வழியாக இறைச்செய்தி வந்தது, மக்காவாசிகளின் எதிர்ப்பு, உமறு கத்தாபு ஈமான் கொண்டது முதலியன இதில் கூறப்படுகின்றன.

ஹிஜ்றத்துக் காண்டம்: 47 படலங்கள், 2682 பாடல்கள். ஹிஜ்றத் என்பது நபி மக்காவிலிருந்து மதீனாவுக்குக் குடிபெயர்ந்ததைக் குறிக்கும். கி.பி. 622இல் நிகழ்ந்த இந்நிகழ்ச்சியே ஹிஜ்ரி ஆண்டின் தொடக்கமாகும். பதுறு, உகுது, கந்தக்கு ஆகிய போர்களும் பாத்திமா நாயகியின் திருமணமும் இக்காண்டத்தில் விரிவாகப் பாடப்படுகின்றன.

நூலின் பாதிக்கும் மேற்பட்ட பாடல்கள் மூன்றாம் காண்டத்தில் உள்ளன. போர் வருணனைக்குத் தமிழ்க் காப்பிய மரபு தந்த இடம் இதற்கு ஒரு காரணம் எனலாம்.

தமிழ்க் காப்பிய மரபு

கடவுள் வாழ்த்து, நாட்டுப் படலம், நகரப் படலம் என்னும் முறையிலேயே நூல் தொடங்குகிறது. வாழ்த்துப் பகுதியில் இறைவனும், நபியும், முதல் நான்கு கலீபாக்களும் பிற பெரியோரும் போற்றப்படுகின்றனர்.

நாட்டுப் படலத்தில் புலவர் அரபு நாட்டைப் பாடும் விதம் புகழ்பெற்றது. மேகம் கடல்நீரை முகந்து மலையில் பொழிகிறது. ஆறு பெருகிக் குறிஞ்சி, முல்லை நிலங்களைக் கடந்து மருத வயல்களில் பாய்கிறது. உழவர் உழுது நடுகின்றனர். நெல் விளைகிறது. மக்கா அமைந்த நிலத்தில் இத்தகைய ஆறோ வயலோ இல்லை என்பது புலவர் அறியாத செய்தி அன்று. பேரூழியின் நாயகர் தோன்றிய நாடு வளம் மிக்கதாக இருத்தல் வேண்டும் என்பது தமிழ்க் காப்பிய இலக்கணம். அதன்படியே அவர் பாடினார். இவரே மழையை எதிர்பார்த்திருக்கும் கரிசல் நிலத்தைச் சேர்ந்தவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

தீன், ஈமான், கலிமா போன்ற அரபுச் சொற்களைத் தமிழ் ஓசைக்கு ஏற்பவும், எதுகை மோனைக்கு இசையவும் இவர் கையாள்கிறார். நபியின் பெயர்களும் தோழர்களின் பெயர்களும் தமிழ் எழுத்துகளிலேயே அமைகின்றன. சமயக் கருத்துக்கு இன்றியமையாத இடங்களில் அரபுச் சொற்களையும், வருணனையிலும் உணர்ச்சியிலும் தூய தமிழ்ச் சொற்களையும் வைப்பது இவரது பொது வழக்கமாகும்.

புகழ்பெற்ற படலங்கள்

மானுக்குப் பிணைநின்ற படலம் பள்ளிப் பாடநூல்கள் வழியாகப் பலரும் அறிந்தது. வேடன் ஒருவன் பெண்மான் ஒன்றைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கிறான். பசித்திருக்கும் தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்பி வருவதாக மான் நபியிடம் வேண்டுகிறது. மான் வராவிடில் தாமே ஈடு செய்வதாக வேடனிடம் கூறி நபி பிணைநிற்கிறார். பாலூட்டிய மான் கன்றுடன் திரும்பி வருகிறது. அதைக் கண்ட வேடன் மனம் மாறி ஈமான் கொள்கிறான். தாய்மானின் கலக்கத்தையும் வாக்கு மாறாமையையும் புலவர் இப்படலத்தில் நுணுக்கமாகச் சித்திரிக்கிறார்.

விடமீட்ட படலமும் பாடநூல்களில் இடம்பெற்றுள்ளது. மதீனாவுக்குச் செல்லும் வழியில் நபியும் அபூபக்கரும் மலைக்குகை ஒன்றில் தங்குகின்றனர். நபி அயர்ந்திருக்கும்போது, பாம்புப் புற்றின் துளையை அபூபக்கர் தம் காலால் அடைக்கிறார். பாம்பு தீண்டியும் நபியின் உறக்கம் கலையக்கூடாது என்று அவர் காலை எடுக்காமல் இருக்கிறார். பின்னர் நபி விடத்தை நீக்குகிறார்.

வரலாறும் காப்பியமும்

சீறாப்புராணத்தை இசுலாமிய வரலாற்று நூலாகக் கொள்ளலாமா என்னும் கேள்வி மாணவர்களுக்கு எழுவது இயல்பு. நிகழ்ச்சிகளின் வரிசை, ஊர்கள், போர்கள், முதன்மை மாந்தர் ஆகியவற்றில் நூல் அரபு மரபைப் பின்பற்றுகிறது. நிலவை அழைத்தல், மான் பேசுதல் போன்ற அற்புதங்கள் நபியின் சிறப்பைக் கூறும் பக்தி மரபிலிருந்து வந்தவை. அவற்றின் ஆதாரத்தை அறிஞர்கள் எல்லோரும் ஒரே நிலையில் வைப்பதில்லை. ஆறு, வயல், நகர வீதி, மகளிர் உலாவைக் காணுதல் முதலிய வருணனைகள் தமிழ்க் காப்பிய மரபுக்கு உரியவை. இம்மூன்று அடுக்குகளையும் பிரித்தறிந்து படிப்பவர், நபியின் வரலாற்றோடு 17ஆம் நூற்றாண்டுத் தமிழ் முசுலிம்கள் அவ்வரலாற்றை எவ்வாறு தமதாக்கிக்கொண்டனர் என்பதையும் அறியலாம்.

இத்தகைய முயற்சி தமிழுக்கு மட்டும் உரியதன்று. வங்க மொழியில் சையது சுல்தான் இயற்றிய நபி வம்சமும் இறைத்தூதர்களின் வரலாற்றை அந்நிலத்து மக்களின் கதை மரபில் கூறுகிறது. இசுலாம் பரவிய இடங்களிலெல்லாம் அந்தந்த மொழிப் புலவர்கள் இதே சிக்கலை எதிர்கொண்டனர்.

முற்றுப்பெறாத வரலாறு

சீறாப்புராணம் நபியின் வாழ்க்கை முழுவதையும் கூறவில்லை. உறனிக் கூட்டத்தார் படலத்துடன் நூல் நின்றுவிடுகிறது. இது ஹிஜ்ரி 6ஆம் ஆண்டை ஒட்டிய நிகழ்ச்சியாகும். கி.பி. 630இல் நிகழ்ந்த மக்கா வெற்றியும், 632இல் நிகழ்ந்த இறுதி ஹஜ்ஜும் நபியின் மறைவும் பாடப்படவில்லை.

எஞ்சிய பகுதியைக் காயல்பட்டினத்தைச் சேர்ந்த பனி அகுமது மரைக்காயர் பாடினார். அந்நூல் சின்னச் சீறா எனப்படுகிறது. ஒருவர் தொடங்கிய பணியை மற்றொருவர் முடிக்க முன்வந்தது, நபியின் வரலாறு தமிழில் முழுமையாக வேண்டும் என்ற விருப்பம் அச்சமுதாயத்தில் எத்துணை வலுவாக இருந்தது என்பதைக் காட்டுகிறது.

பிற நூல்கள்

முதுமொழி மாலை தவிர, சீதக்காதி திருமண வாழ்த்து, சீதக்காதி நொண்டி நாடகம் ஆகியவையும் உமறுப் புலவர் இயற்றியவை எனக் கூறப்படுகின்றன. நொண்டி நாடகம் என்பது தீயவழியில் சென்று காலை இழந்த ஒருவன், மனம் திருந்தி வள்ளலையோ தெய்வத்தையோ அடைந்து நலம் பெறுவதைக் கூறும் சிற்றிலக்கிய வகையாகும்.

மறைவு

உமறுப் புலவர் 1703ஆம் ஆண்டில் காலமானார். அவரது உடல் எட்டயபுரத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டது. அவரது அடக்கத்தலம் இன்றும் அங்குள்ளது.

பதிப்பும் உரைகளும்

சீறாப்புராணம் நெடுங்காலம் ஏட்டுச் சுவடிகளிலேயே இருந்தது. புலவர் மறைந்து 139 ஆண்டுகளுக்குப் பின்னர், 1842ஆம் ஆண்டில் அது முதன்முதலாக அச்சேறியது. அதனைப் பதிப்பித்தவர் புலவர் நாயகம் எனப் போற்றப்படும் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் ஆவார். சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கி அவர் இதனை வெளியிட்டார். குத்பு நாயகம், திருக்காரணப் புராணம், புதூகுஷ்ஷாம் ஆகிய காப்பியங்களை இயற்றியவரும் அவரே. உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த 1887ஆம் ஆண்டுக்கு 45 ஆண்டுகள் முன்னரே இப்பதிப்பு வெளிவந்தது குறிப்பிடத்தக்கது.

அச்சுக்கு வரும் முன்னர் நூலைக் காத்தது வாசிப்பு மரபே ஆகும். தமிழ் முசுலிம் ஊர்களில் ஒருவர் பாடலை இசையோடு படிக்க, மற்றொருவர் பொருள் கூற, மக்கள் கூடிக் கேட்பது வழக்கமாக இருந்தது. எழுத்தறியாதவர்களும் இவ்வாறு நபியின் வரலாற்றை அறிந்தனர்.

இடலாக்குடியைச் சேர்ந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) சீறாப்புராணத்திற்கு உரை எழுதினார். பின்னர் கவி கா. மு. ஷெரீப் (1914–1994), செய்யிது முகம்மது ஹஸன் ஆகியோரின் உரைகளும் வெளிவந்தன. 1998இல் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தின் மின்னூல் தொகுப்பிலும் சீறாப்புராணம் இடம்பெற்றுள்ளது. சுவடியில் தொடங்கிய நூல் இவ்வாறு கணினித் திரையையும் எட்டியுள்ளது.

தாக்கம்

சீறாப்புராணத்திற்குப் பின்னர் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் தமிழ் முசுலிம் புலவர்கள் காப்பியங்கள் பலவற்றை இயற்றினர். இறைத்தூதர்கள், நபியின் தோழர்கள், சூபிப் பெரியார்கள் ஆகியோரின் வரலாறுகள் அவற்றின் பொருளாயின. இசுலாமிய வரலாற்றைத் தமிழில் சொல்வதற்குரிய சொல்லாட்சியையும் வடிவத்தையும் உமறு முன்னரே அமைத்துத் தந்திருந்தார்.

அச்சும் உரைநடையும் வளர்ந்தபோது முசுலிம் எழுத்தாளர்களின் பொருள் விரிந்தது. இலங்கையின் சித்திலெப்பை 1885ஆம் ஆண்டில் அசன்பே சரித்திரம் என்னும் புதினத்தை வெளியிட்டார். நபியின் வரலாறு உரைநடை நூல்களாகவும் வரத்தொடங்கியது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், திருநெல்வேலியில் வாழ்ந்த தோப்பில் முகம்மது மீரான் (1944–2019) கடலோர முசுலிம்களின் அன்றாட வாழ்வைப் புதினங்களாக்கி, 1997ஆம் ஆண்டில் சாய்வு நாற்காலிக்காகச் சாகித்திய அகாதமி விருது பெற்றார். வடிவமும் பொருளும் மாறினாலும், தம் வாழ்வையும் வரலாற்றையும் தமிழிலேயே சொல்லுதல் என்னும் மரபு தொடர்கிறது.

நினைவுச் சின்னங்கள்

தமிழக அரசு எட்டயபுரத்தில் அமைத்த உமறுப் புலவர் மணிமண்டபம் 2007ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பட்டது. தமிழ் வளர்ச்சித் துறை வழங்கும் விருதுகளுள் ஒன்று இவர் பெயரால் அமைந்துள்ளது.

கடல் கடந்த நினைவும் ஒன்று உண்டு. சங்கரன்கோவிலைப் போலவே இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ள கடையநல்லூரிலிருந்து முசுலிம்கள் பலர் சிங்கப்பூருக்குச் சென்று குடியேறினர். அவர்கள் அமைத்த சிங்கப்பூர் கடையநல்லூர் முசுலிம் லீக் 1946ஆம் ஆண்டில் உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. அது பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. தமிழ்வழியில் உயர்நிலைக் கல்வி வழங்கிய ஒரே பள்ளியாகச் சிங்கப்பூரில் அது விளங்கியது. மாணவர் எண்ணிக்கை குறைந்ததால் 1982ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. அதன் பின்னர் அரசு தொடங்கிய தமிழ்மொழி நிலையத்திற்கும் உமறுப் புலவரின் பெயரே சூட்டப்பட்டது. பல சமயங்களைச் சேர்ந்த மாணவர்கள் அங்கு தமிழ் பயின்று வந்துள்ளனர்.